பம்ப்பைக் கழற்றுவதற்கு முன்னால்

டீசல் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்று நின்று போனால், நம் ஊரில் முதல் பழி இன்ஜெக்‌ஷன் பம்ப்பின் மேல்தான் விழும். டீசலை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்புவது அதன் வேலை. எஞ்சினின் பக்கவாட்டில் பைப்பும் நட்டுமாக ஒட்டிக்கொண்டு பார்க்கவே மிரட்டலாக இருக்கும் சாமான் அது. உள்ளே என்ன நடக்கிறது என்று முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது, அதைத் திறக்கத் தனிக் கடை வேண்டும், சோதிக்கத் தனி மெஷின் வேண்டும். அப்படிப்பட்ட ஒன்றின் தலையில் குற்றத்தைக் கட்டிவிட்டால் யாரும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள். பில்லும் பெரிதாக வரும்.

என் அத்தானின் டிராக்டருக்கும் அதேதான் நடந்தது. பினாங்கில் சுங்கை பாக்காப் பக்கம் சின்னத் தோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலை ஏற்றி, லோரி நிற்கும் இடம் வரை டிரைலரில் இழுத்துக் கொடுப்பது அவர் தொழில். வண்டி பழைய மாஸி பெர்குசன் 240. பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர், 2.5 லிட்டர் எஞ்சின், டீசல் பம்ப் சிஏவி கம்பெனியின் ரோட்டரி ரகம். மலாயா மண்ணுக்கென்றே செய்த மாதிரி, எத்தனை அடி வாங்கினாலும் எழுந்து நடக்கும் வண்டி. அது திடீரென்று தோட்டத்துப் பாதையின் நடுவில் நிற்க ஆரம்பித்தது. குலை வெட்டினால் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது செம்பனைக்காரர்களுக்குத் தெரிந்த கணக்கு. தாமதமாக ஆகப் பழத்தில் அமிலம் ஏறும், எண்ணெயின் தரம் இறங்கும், ஆலையில் மூஞ்சியைச் சுளிப்பார்கள். ஆகவே அத்தானுக்கு உண்மையிலேயே தூக்கம் போய்விட்டது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினார். பானெட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, பம்ப் ஓவர்ஹால், டீசலைப் பீய்ச்சும் நோசல் மூன்றும் மாற்ற வேண்டும், ஆயிரம் வெள்ளிக்கு மேல் ஆகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

எங்கள் வரிசை வீட்டில் கடைசி வீட்டு மாமா, தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் போமனாக, அதாவது தலைமை மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தம் கிடையாது, எல்லாருக்கும் மாமா. பத்து காவான் பக்கம் செம்பனை நின்ற இடமெல்லாம் இப்போது தொழிற்சாலையும் வீடமைப்பும். 2014இல் பினாங்கின் இரண்டாவது பாலம் திறந்த பிறகு அது இன்னும் வேகமாகிவிட்டது. தோட்டம் போனபோது தோட்டத்து ஒர்க்‌ஷாப்பும் போனது, அங்கே இருபது முப்பது வருஷம் கைபழகிய ஆட்கள் ஆளுக்கொரு மூலையாகப் போய், காலையில் பசியாறிவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் போய்க் கேட்பதில்லை. நாங்கள் போய்க் கேட்டோம்.

மாமா எழுந்திருக்கவே இல்லை. நாற்காலியில் இருந்தபடி ஒரே கேள்வி: "எப்படித் தம்பி சாவுது? டப்புனு நிக்குதா, இல்ல இழுத்து இழுத்து நிக்குதா?"

"நல்லாத்தான் ஓடும் மாமா. இருவது நிமிசம், சில நேரம் அரை மணி நேரம். லோடு இழுக்கும்போது சத்தம் ஏறி ஏறி இறங்கும். பவர் இருக்காது. எண்ணெய் குடுத்தாலும் வாங்காது. அப்புறம் நின்னுடும்."

"திருப்பி எப்ப ஸ்டார்ட் ஆவுது?"

"பத்து நிமிசம் விட்டுட்டு அடிச்சா ஆயிடும்."

"எஞ்சின் சூடாவே இருக்கும்போது?"

"ஆமா, சூடாத்தான் இருக்கும்."

"அப்ப பம்ப்ப மறந்துடு. டேங்க்குலேருந்து பாரு."

இந்த மூணு கேள்விக்குள் முக்கால்வாசி வேலை முடிந்துவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் யாரும் கேட்காத மூணு கேள்வி. எஞ்சின் எப்படி நிற்கிறது என்பதிலேயே காரணம் பாதி வெளியே வந்துவிடும், ஸ்பேனரை அப்புறம்தான் எடுக்க வேண்டும் என்பது மாமாவின் கட்சி. அன்றைக்கிருந்து என் கட்சியும் அதுதான்.

கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் இல்லை. காற்றை அழுத்திச் சூடாக்கி, அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். ஆகவே ஓடுகிற எஞ்சின் நிற்கிறது என்றால் காற்று வரவில்லை, டீசல் வரவில்லை, அல்லது உள்ளே காற்றை அழுத்துகிற இறுக்கம் போய்விட்டது. இறுக்கம் போன எஞ்சின் காலையில் ஸ்டார்ட் ஆவதற்கே முனகும்; இருபது நிமிஷம் சிங்கம் மாதிரி ஓடிவிட்டு நிற்காது.

சாவியைத் திருப்பி அணைத்தது போல ஒரே நொடியில், புகையும் இல்லாமல் இருமலும் இல்லாமல் நின்றால் சந்தேகம் வயரிங் மேல் போக வேண்டும். பழைய வண்டியில் எஞ்சினை நிறுத்த ஒரு கேபிளை இழுப்போம், அதோடு சரி. பிற்பாடு வந்த பல வண்டிகளில் டீசலை அடைத்துத் திறக்க ஒரு சோலனாய்டு, அதாவது கரண்டில் வேலை செய்யும் வால்வு இருக்கும், அதற்குக் கரண்ட் வந்துகொண்டே இருந்தால்தான் எஞ்சின் ஓடும் என்ற ரகமும் அதில் உண்டு. ஒரு வயர் லூசாகிக் குலுங்கினாலோ, பியூஸ் பிடித்திருக்கும் இடம் பச்சை பூத்திருந்தாலோ, சீட்டுக்கு அடியில் இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச் தேய்ந்திருந்தாலோ, மேடு பள்ளத்தில் போகும்போது டப்பென்று நிற்கும். அந்த ரக சோலனாய்டுக்கு பேட்டரியிலிருந்து பியூஸ் போட்ட ஒரு வயரை நேராகக் கொடுத்து ஓட்டிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். பார்த்து முடித்ததும் அந்த வயரைக் கழற்றிவிடுங்கள், அப்படியே விட்டால் சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் நிற்காது.

சத்தம் ஏறி இறங்கி, பலம் குறைந்து நின்றால் டீசல் போதவில்லை. வெள்ளைப் புகையோடு இருமினால் டீசலில் காற்றோ தண்ணீரோ கலந்திருக்கலாம். கறுப்புப் புகை தள்ளி, லோடு இழுக்க முடியாமல் திணறினால் முதலில் ஏர் பில்டரைப் பாருங்கள், வறண்ட மாதத்தில் தோட்டத்துப் பாதைத் தூசி சும்மா விடாது. சரி, பம்ப் எப்போதுதான் குற்றவாளி? நன்றாகச் சூடேறிய பிறகு நின்று, எஞ்சின் ஆறும் வரை எவ்வளவு அடித்தாலும் ஸ்டார்ட் ஆகாமல், ஆறியதும் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனால். தேய்ந்த பம்ப்பில் சூடான டீசல் மெலிந்து உள்ளுக்குள்ளேயே நழுவிவிடும், ஸ்டார்ட்டர் சுற்றும் வேகத்தில் போதுமான அழுத்தம் வராது. பழைய போமன்கள் நின்றுபோன எஞ்சினின் பம்ப் மேல் ஈரத் துணியைப் போட்டுக் கொஞ்சம் ஆறவைத்து அடித்துப் பார்ப்பார்கள். ஆனது என்றால் பம்ப்பைக் கடைக்குக் கொண்டு போகலாம். ஓடுகிற பம்ப் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றுகிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன், அந்த வேலை வேண்டாம், உள்ளே மயிரிழை இடைவெளியில் சுற்றுகிற சாமான், சட்டென்று சுருங்கினால் பிடித்துக்கொள்ளும். அத்தானுடைய வண்டி சூட்டோடு சூடாகப் பத்து நிமிஷத்தில் ஸ்டார்ட் ஆனது. மாமா அந்தக் கேள்வியைக் கேட்டது அதற்காகத்தான்.

மறுநாள் காலையில் வண்டியடிக்கு வந்தார். கையில் ஒரு காலி மினரல் வாட்டர் போத்தல், ஒரு பழைய தொப்பி, அவ்வளவுதான். இந்த வண்டியில் டேங்க் எஞ்சினுக்கு மேலேயே இருக்கிறது, அதனால் டீசல் தன் பாரத்திலேயே கீழே இறங்கும். டேங்க்கின் அடியில் குழாய், அங்கிருந்து டீசலைத் தள்ளிவிடும் சின்ன லிப்ட் பம்ப், அப்புறம் பில்டர், அப்புறம்தான் அந்தப் பெரிய பம்ப். லிப்ட் பம்ப்புக்குள் போகிற ஹோஸைக் கழற்றிப் போத்தலுக்குள் விட்டுக் குழாயைத் திறந்தார். முதலில் சுண்டுவிரல் கனத்துக்கு நன்றாகத்தான் விழுந்தது. அத்தான் என்னைப் பார்த்தார். மாமா யாரையும் பார்க்கவில்லை. போத்தல் பாதி நிறைவதற்குள் தாரை மெலிந்து நூலாகி, அப்புறம் சொட்டுச் சொட்டாகி, நின்றே போனது. டேங்க்கில் முக்கால் அளவு டீசல் கிடக்கிறது!

டேங்க் மூடியைத் திறக்கச் சொன்னார். மூடியில் காற்றுப் போகும் துளை அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி இதேபோல நிற்கும். குளவி மண்ணை அப்பி அந்தத் துளையை அடைத்துவிடுவது நம் ஊரில் சாதாரணம், திறந்ததும் உஸ்ஸென்று காற்று இழுக்கும் சத்தத்திலேயே தெரிந்துவிடும். இங்கே அப்படி ஒன்றுமில்லை, திறந்த பிறகும் சொட்டுத்தான். மாமா ஹோஸின் முனையைத் துடைத்துவிட்டு வாயில் வைத்து ஊதினார். டேங்க்குக்குள் குபுகுபுவென்று குமிழ் கிளம்பியது. கீழே இறக்கினால் பழைய கனத்தில் டீசல் கொட்டுகிறது.

"அவ்வளவுதானா மாமா?" என்று அத்தான் ஹோஸை மாட்டப் போனார். "ஊதினா குப்பை தள்ளி நிக்கும் தம்பி, வெளிய போகாது" என்றார் மாமா.

அதற்குப் பிறகும் டேங்க்கைக் கழற்ற விடவில்லை. ஐந்து லிட்டர் கேனில் நல்ல டீசல் ஊற்றி, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் பாட்டில் மாட்டுகிற மாதிரி சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரும்புச் சட்டத்தில் தொங்கவிட்டு, ஒரு தெளிந்த ஹோஸ் போட்டு நேராக லிப்ட் பம்ப்பில் கொடுத்தார். ரிட்டர்ன், அதாவது மிஞ்சித் திரும்பும் டீசல், வழக்கம்போல டேங்க்குக்கே போகட்டும் என்றார். அப்படியே லோடு ஏற்றிய டிரைலரை மாட்டி, நிற்கும் இடம் என்று பேர் வாங்கிவிட்ட அந்த மேட்டில் ஏற்றி இறக்கினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது, ஒரு இருமல் இல்லை. பம்ப், நோசல், பில்டர், லிப்ட் பம்ப் எல்லாருக்கும் விடுதலை. இந்தச் சோதனைக்கு ஆன செலவு ஒரு துண்டு ஹோஸ். தெளிந்த ஹோஸ் போட்டதற்கும் காரணம் உண்டு: குமிழ் ஓடினால் கண்ணுக்குத் தெரியும். டீசல் உறிஞ்சப்படுகிற பக்கத்தில் இருக்கும் ஓட்டை வெளியே சொட்ட வேண்டும் என்று கட்டாயம் இல்லை, காற்றை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டு இருக்கும், தேடித் தேடிப் பைத்தியம் பிடிக்கும்.

டேங்க்கை வடித்து அடியில் கடைசியாக வந்ததைப் போத்தலில் பிடித்தோம். கொஞ்ச நேரம் வைத்ததும் கோடு போட்டது போலப் பிரிந்தது. மேலே தேன் நிற டீசல், கீழே கலங்கல் தண்ணீர், இரண்டுக்கும் நடுவில் கறுப்பும் பழுப்புமாக ஒரு ஜவ்வு. குழாயைத் திருகி எடுத்தால், டேங்க்குக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அதன் வலை முழுக்க அதே ஜவ்வு, அதில் நூல் நூலாக ஏதோ சுற்றிக்கிடந்தது. மாமா ஒரு நூலை நகத்தால் இழுத்துப் பார்த்தார். துணி நூல்.

"மூடி எங்க தொலைஞ்சுது?"

அத்தான் தலையைச் சொறிந்தார். மூடி தொலைந்த காலத்தில் பழைய துணியைத் திணித்து, மேலே பிளாஸ்டிக் பையைக் கட்டி ஓட்டியிருக்கிறார். "ஒரு வாரத்துக்குத்தான் மாமா." அக்கா வாசலில் இருந்து, "எந்த வருசத்து வாரம்?" என்றாள்.

வண்டி ஏன் பத்து நிமிஷத்தில் திரும்ப ஸ்டார்ட் ஆனது என்பதும் இதில் விளங்கிவிட்டது. ஓடும்போது டீசல் இழுக்கிற இழுப்பில் ஜவ்வும் நூலும் மெல்ல மெல்ல வந்து வலையில் அப்பிக்கொள்ளும். எஞ்சின் நின்றதும் இழுப்பு இல்லை, அப்பியது தளர்ந்து விலகும். திரும்ப ஸ்டார்ட் ஆகும். லோடு இழுக்கும்போது டீசல் அதிகம் வேண்டும், அதனால் மேட்டில்தான் நிற்கும். பார்க்கிறவனுக்கு எஞ்சின் சூடாகி நிற்பது மாதிரியே தெரியும்.

நூல் துணியிலிருந்து வந்தது, சரி. அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து? அதற்கு வீட்டுக்குப் பின்னால் நிற்கும் டிரம்மைப் பார்க்க வேண்டியிருந்தது. 2024 ஜூன் 10இல் தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 ஆனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். சிறு தோட்டக்காரர்களுக்கு அரசாங்கத்தின் புடி உதவித்தொகை மாதம் 200 வெள்ளி என்று வந்தாலும், கூலிக்கு வண்டி ஓட்டுகிறவர்கள் கை நடுங்கத்தான் செய்தது. அதற்கு முன்பெல்லாம் டிரம்மின் அடியில் கிடக்கும் கடைசி இரண்டு அங்குலத்தை அத்தான் புல்லில் கொட்டிவிடுவார் (அதுவும் நல்ல பழக்கம் இல்லை). விலை ஏறிய பிறகு சாய்த்து, கவிழ்த்து, கடைசிச் சொட்டு வரை டேங்க்குக்குள் ஊற்றினார். அடியில் இருந்த தண்ணீரையும் சேர்த்துத்தான்.

டிரம் மூடியிருந்தும் தண்ணீர் போகுமா என்றால், போகும். நிறுத்தி வைத்த டிரம்மின் தலையில் மழைத் தண்ணீர் தேங்கும். பகலில் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மரையின் இடுக்கு வழியாக வெளியேறும். சாயங்காலம் மழை அடித்துக் குளிர்ந்ததும் உள்ளே சுருங்கும்போது, தேங்கி நிற்கும் தண்ணீரை அதே இடுக்கு வழியாக உறிஞ்சும். மூடியை எவ்வளவு இறுக்கினாலும் தினம் கொஞ்சம். பினாங்கு வெயிலுக்கும் மழைக்கும் இதைவிட நல்ல பம்ப் கிடைக்காது. கூரைக்கு அடியில் வைக்க வேண்டும். முடியாதென்றால் படுக்க வைத்து, இரண்டு மூடியும் ஒரே மட்டத்தில், கடிகாரத்தில் மூன்றும் ஒன்பதும் இருக்கும் இடத்தில் வருகிற மாதிரி உருட்டிவிட வேண்டும். அப்போது மூடிக்கு உட்பக்கம் டீசல் நிற்கும், வெளிப்பக்கம் தண்ணீர் தேங்க இடமில்லை.

தண்ணீர் மட்டும் என்றால் ஜவ்வு வராது. டீசலும் தண்ணீரும் சந்திக்கும் கோட்டில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். தண்ணீருக்குள் இருந்துகொண்டு டீசலைத் தின்னும். ஹார்மோகோனிஸ் ரெசினே என்று ஒரு பூஞ்சைக்கு இதிலே ரொம்பப் பெயர். நம் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசலும் சேர்கிறது, 2019 முதல் வாகன டீசலுக்கு பத்து விழுக்காடு, பி10 என்று பம்ப்பில் எழுதியிருப்பது அதுதான். அத்தான் ஏற்றுகிற குலையில் ஒரு பங்கு சுற்றி வளைத்து அவர் டேங்க்குக்கே வருகிறது என்று சொல்லிச் சிரித்தோம். பயோடீசல் கெட்டது என்று சொல்ல வரவில்லை, ஆனால் அது வெறும் டீசலைவிட ஈரத்தை அதிகம் பிடித்து வைக்கும், பழைய டேங்க்கில் வருஷக்கணக்காக ஒட்டிக்கிடக்கும் கசடைக் கரைத்து இளக்கிவிடும், பழைய ரப்பர் ஹோஸையும் உப்ப வைக்கும். ஹோஸ் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உட்தோல் உரிந்து கதவு மாதிரி அடைத்து நிற்கும். நாங்கள் இருந்த எல்லா ஹோஸையும் மாற்றிவிட்டோம், மலிவான சாமான்தான்.

டேங்க்கைக் கழுவிக் காயவைத்து, வலையைச் சுத்தம் செய்து, பில்டர் புதிது போட்டாயிற்று. சிஏவி பில்டர் மாற்றும்போது பழைய ரப்பர் வளையம் தலையில் ஒட்டிக்கொண்டே இருக்கும், அதைக் கவனிக்காமல் புதியதை அதன் மேலேயே வைத்து இறுக்கினால் காற்று இழுக்கும். மாமா விரலை விட்டுத் தடவிப் பழையது வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் விட்டார். அப்படியே எண்ணெய்க் குச்சியை இழுத்து முகர்ந்தார். லிப்ட் பம்ப்பின் உள் ரப்பர் கிழிந்தால் டீசல் எஞ்சின் எண்ணெயில் இறங்கும், அளவு தானாக ஏறும். இங்கே வாடை இல்லை.

அப்புறம் டீசல் பைப்பில் புகுந்த காற்றை எடுக்கிற வேலை. லிப்ட் பம்ப்பின் சின்னக் கைப்பிடியை அத்தான் மேலும் கீழும் அசைத்தார், எந்த எதிர்ப்பும் இல்லாமல் தொளதொளவென்று ஆடியது. பம்ப் போச்சு என்று முகம் மாறியது. "எஞ்சின ஒரு சுத்து சுத்தி விடு" என்றார் மாமா. லிப்ட் பம்ப்பை அசைக்கும் கேம் தூக்கி நிற்கும் இடத்தில் எஞ்சின் நின்றிருந்தால் கைப்பிடி வேலை செய்யாது. சுற்றிவிட்டதும் பிடித்தது. பில்டர் தலையில் இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் முதலில் வெறும் சீற்றம், பிறகு சோப்பு நுரை, பிறகு நுரையும் டீசலும் மாறி மாறி, கடைசியில் குமிழே இல்லாத ஒரே தாரை. அப்போதுதான் இறுக்க வேண்டும், ஒழுகும்போதே இறுக்க வேண்டும். பிறகு பெரிய பம்ப்பில் இருக்கும் இரண்டு ஸ்க்ரூ, கீழே ஒன்று, மேலே ஒன்று, அதே மாதிரி. பிறகு நோசலில் முடியும் பைப்புகளின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி ஸ்டார்ட்டர் அடித்தால், மூன்றிலும் டீசல் துப்பும், இறுக்கினால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடும். அந்த இடத்தில் மட்டும் கையை வைத்துக் கசிவு தேடாதீர்கள், அந்த அழுத்தத்தில் வருகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், காயம் ஊசி முனை அளவுதான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம். அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள்.

வண்டி இப்போது நிற்பதில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: இன்னும் கொஞ்ச நாள் இதே மாதிரி நிறுத்தி நிறுத்தி ஓட்டியிருந்தால் பம்ப் உண்மையிலேயே போயிருக்கும். அந்தப் பம்ப்புக்கு டீசல்தான் மசகு. டீசலே இல்லாமலும் தண்ணீரோடும் சுற்றினால் தேயாமல் என்ன செய்யும்? ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது அப்போது உண்மையாகியிருக்கும், டேங்க்கைக் கழுவாமல் புதுப் பம்ப் மாட்டியிருந்தால் அதுவும் அதே வழியில் போயிருக்கும்.

டேங்க் கழுவினாலும் மூலையில் கிடப்பது மெல்ல மெல்ல வந்துகொண்டுதான் இருக்கும், ஆகவே புது பில்டரை அதன் ஆயுசு முடியும் வரை விடாமல் சீக்கிரமே இன்னொரு தடவை மாற்றச் சொன்னார் மாமா. மாற்றினோம், முதலில் போட்டது அதற்குள் கறுத்திருந்தது. அத்தான் இப்போது டிரம்மின் அடியில் கிடப்பதைத் தனிப் போத்தலில் பிடித்து, ஒரு ராத்திரி தெளிய வைத்து, மேலே நிற்பதை மட்டும் எடுக்கிறார். மூடி வாங்கிவிட்டார், சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறார். மாமாவுக்குக் காசு கொடுத்தால் வாங்க மாட்டார் என்று தெரியும், அக்கா ஆட்டுக்கறி பிரட்டல் வைத்துக் கொடுத்தனுப்பினாள்.